காசினோ கணக்கு: ஜெயிக்கிறவர்கள் இருந்தும் கல்லா எப்படி நிறைகிறது?

சூதாட்ட விடுதியான காசினோவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒருவர், "அங்கே எல்லாம் ஏமாற்று வேலை, சக்கரத்துக்கு அடியில் காந்தம் வைத்திருப்பான்" என்பார். இன்னொருவர், "எனக்குத் தெரிந்த ஒருத்தர் ஒரே ராத்திரியில் அள்ளிக்கொண்டு வந்தார், எல்லாம் ராசி" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி நிற்கிறது. ஏமாற்று இல்லை, ஜெயிக்கிறவர்களும் நிஜமாகவே இருக்கிறார்கள் என்றால், அவ்வளவு பெரிய கட்டடமும் ஆயிரக்கணக்கான ஊழியர்களும் விடிய விடிய எரியும் விளக்குகளும் யார் பணத்தில் ஓடுகின்றன?

இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும். காசினோவில் எத்தனையோ விளையாட்டுகள் உண்டு. ஆனால் ரூலெட் ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றில் பெரும்பாலும் அதே கணக்குதான் வேறு வேஷத்தில் வரும். அதனால் ரூலெட்டிலிருந்தே தொடங்கலாம்.

பச்சைக் குழி

ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. மிச்சமிருக்கும் ஒரு குழி 0. அதற்குப் பச்சை நிறம். மேசையை நடத்தும் ஊழியரான டீலர் சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றிவிட்டு, சின்னப் பந்தை எதிர்ப்பக்கமாக உருட்டிவிடுவார். பந்து எந்தக் குழியில் விழுகிறதோ அந்த எண்ணில் கட்டியவருக்குப் பரிசு. நேரடியாகப் பணத்தை வைத்து ஆடுவதில்லை. பணத்தைக் கொடுத்து வட்டச் சில்லுகள் வாங்கிக்கொண்டு, அவற்றை வைத்துத்தான் ஆட வேண்டும்.

நீங்கள் 17-இல் ஒரு சில்லு வைக்கிறீர்கள். பந்து 17-இல் விழுந்தால் 35 சில்லு பரிசு, நீங்கள் வைத்த ஒன்றும் திரும்ப வரும். ஆக மொத்தம் 36 சில்லு கையில். ஒன்று வைத்து 36 எடுத்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? ஆனால் குழிகள் 37. நியாயமாகக் கொடுக்க வேண்டியது 37 சில்லு. அந்த ஒரு சில்லு எங்கே போனது?

சரி, இப்படிச் செய்து பாருங்கள். 37 எண்களிலும் எண்ணுக்கொரு சில்லாக மொத்தம் 37 சில்லு வையுங்கள். இனி எந்த எண் விழுந்தாலும் உங்களுக்கு நிச்சயம் பரிசு உண்டு. கையில் திரும்ப வருவது 36. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சில்லு தவறாமல் காசினோவுக்குப் போகிறது. 37-இல் 1, அதாவது 2.7 சதவீதம். இதைத்தான் ஹவுஸ் எட்ஜ் என்கிறார்கள். தமிழில் சொன்னால், கட்டிய பணத்தில் காசினோவின் பங்கு.

சிவப்பா கறுப்பா என்று கட்டினாலும் இதே கதைதான். ஒன்று வைத்தால் ஒன்று பரிசு. பார்க்கச் சரிபாதி ஆட்டம் போல இருக்கும். ஆனால் 18 சிவப்பு, 18 கறுப்பு போக, அந்தப் பச்சைக் குழி இரண்டு பக்கத்துக்கும் தோல்வி. 37 முறை கட்டினால் சராசரியாக 18 முறை ஜெயிப்பீர்கள், 19 முறை தோற்பீர்கள். மறுபடியும் ஒரு சில்லு, மறுபடியும் 2.7 சதவீதம்.

அமெரிக்க மேசைகள் பலவற்றில் 0 மட்டுமில்லை, 00 என்று இன்னொரு பச்சைக் குழியும் இருக்கும். குழிகள் 38 ஆகிவிட்டன. பரிசு மட்டும் அதே 35. காசினோவின் பங்கு 5.26 சதவீதமாகிவிடுகிறது. ஒரே ஒரு குழி கூடியதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை! இரண்டு சக்கரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடப் புதிதாகப் பார்ப்பவருக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது. ஒற்றைப் பூஜ்யச் சக்கரம் பிரபலமானதே வியாபாரப் போட்டியால்தான். 1843-இல் ஜெர்மனியின் பாட் ஹோம்புர்கில் காசினோ நடத்திய பிளாங்க் சகோதரர்கள், மற்றவர்கள் இரண்டு பூஜ்யம் வைத்திருந்த காலத்தில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். விலையைக் குறைத்தால் கூட்டம் வரும் என்ற சாதாரணக் கடைக்காரர் புத்திதான் அது.

இதனால்தான் காந்தக் கதையை நான் நம்புவதில்லை. உரிமம் பெற்ற காசினோ ஏமாற்றிப் பிடிபட்டால் உரிமமே போய்விடும். சட்டப்படி, எல்லோர் கண்ணெதிரே, பச்சை நிறம் பூசி வைத்திருக்கும் ஒரு குழி அந்த வேலையைச் செய்துகொடுக்கும்போது ஏமாற்ற என்ன அவசியம்?

நூறு சுற்று, பத்து லட்சம் சுற்று

2.7 சதவீதம் என்பது அற்பம் போலத் தெரியும். அதை வைத்து எப்படி அரண்மனை கட்டுவது? இதுதான் முழு விஷயத்தின் மையம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒருவர் ஒரு மாலையில் சிவப்பில் ஒவ்வொரு சில்லாக 100 சுற்று கட்டுகிறார். சராசரியாக அவருக்கு நஷ்டம் 2.7 சில்லு. ஆனால் சராசரிக்கு மேலேயோ கீழேயோ பத்துச் சில்லு போவது 100 சுற்றில் மிகச் சாதாரணம். கணக்குப் போட்டால், இப்படி ஆடும் நூறு பேரில் சுமார் 36 பேர் லாபத்தோடு எழுந்து போவார்கள். 8 பேர் போட்ட பணத்தோடு போவார்கள். மிச்சம் 56 பேர் தோற்பார்கள். அந்த 36 பேர் கற்பனை மனிதர்கள் இல்லை. ஊருக்குப் போய்த் தாங்கள் ஜெயித்த கதையைச் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும்.

அதே ஆள் விடாமல் வந்து வந்து 10,000 சுற்று ஆடினால்? நஷ்டத்தின் சராசரி 270 சில்லு. மேலும் கீழும் ஆடுவது 100 சில்லு அளவுக்குத்தான். லாபத்தோடு எழுபவர் ஆயிரத்தில் மூன்று பேர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறார்கள். நூறில் 36 எங்கே, ஆயிரத்தில் 3 எங்கே!

இப்போது காசினோவின் பக்கம் வாருங்கள். அதற்கு ஒரு மேசை இல்லை, பல மேசைகள்; ஒருவர் இல்லை, நாள் முழுக்க வந்து போகும் கூட்டம். எல்லோருடைய ஆட்டமும் சேர்ந்து பத்து லட்சம் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானத்தின் சராசரி 27,000 சில்லு. மேலும் கீழும் ஆடுவது சுமார் 1,000. நல்ல காலமோ கெட்ட காலமோ, அநேகமாக 24,000-க்கும் 30,000-க்கும் நடுவில்தான் கல்லாவில் விழும். நஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுற்றுகள் கூடக் கூடச் சராசரி தன்னைத் தானே நிலைநாட்டிக்கொள்ளும் என்பதை நிறுவியவர் யாக்கோப் பெர்னூலி. அவர் இறந்த பிறகு, 1713-இல் அது அச்சில் வந்தது. பெரும் எண்களின் விதி என்று அதற்குப் பெயர். காசினோ முழுக்க முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. என் கண்ணுக்கு, அந்தக் கட்டடத்துக்குள் சூதாடாத ஒரே தரப்பு காசினோதான்.

ஜெயிப்பவர்கள் மேல் காசினோவுக்குக் கோபம் இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இருக்காது. ஜாக்பாட் அடித்தால் மணி ஒலிக்கும், விளக்குகள் சிமிட்டும், படம் பிடித்து மாட்டுவதும் உண்டு. அந்த 36 பேர் இல்லாவிட்டால் மற்ற 56 பேர் வரவே மாட்டார்கள். தூண்டிலில் புழு இருந்தால்தானே மீன் வரும்.

இந்த விதியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நஷ்டப்பட்டவர்களும் ஏராளம். 1913 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மொனாக்கோ நாட்டின் மான்டே கார்லோ காசினோவில் ஒரு மேசையில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. பத்துப் பதினைந்து முறை கறுப்பு வந்ததும், இனிமேல் சிவப்பு வந்தே தீர வேண்டும் என்று கூட்டம் அந்த மேசையைச் சூழ்ந்துகொண்டு சிவப்பில் கொட்டியது. பந்துக்குப் போன சுற்று ஞாபகம் இருக்காது. பதினாறாவது முறையும் 37 குழிகள்தான், 18 சிவப்புதான். சராசரி நிலைபெறுவது பழைய கறுப்புகளை ஈடுகட்டச் சிவப்பு ஓடி வருவதால் நடப்பதில்லை. இனி வரப்போகும் லட்சக்கணக்கான சுற்றுகளின் கூட்டத்தில் அந்த 26 கரைந்துபோவதால் நடக்கிறது. காசினோவுக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறது. சிவப்பில் கட்டியவருக்குப் பணம் அன்றிரவே தீர்ந்துவிட்டது.

ஒரே பணம் எத்தனை முறை சுற்றுகிறது?

புதிதாகக் கேட்பவர்கள் அநேகமாக எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 2.7 சதவீதம் என்பது நீங்கள் கொண்டுபோன பணத்தில் இல்லை. கட்டிய ஒவ்வொரு கட்டிலும் 2.7 சதவீதம்.

100 சில்லு வாங்கிக்கொண்டு உட்காருகிறீர்கள். சுற்றுக்கு 5 சில்லு. மணிக்கு 40 சுற்று என்று மூன்று மணி நேரம் ஆடினால் 120 சுற்று. மொத்தம் கட்டியது 600 சில்லு. கையில் இருந்ததே நூறுதானே என்றால், ஜெயித்ததையும் சேர்த்து மறுபடி மறுபடி வைத்ததால் 600 ஆனது. அதில் 2.7 சதவீதம் என்றால் 16 சில்லு. கொண்டுவந்த நூறோடு ஒப்பிட்டால் நஷ்டம் 16 சதவீதம். சிறு துளி பெருவெள்ளம் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் இடம் வேறு இருக்குமா, தெரியவில்லை.

ஆக, காசினோவின் வருமானத்தைத் தீர்மானிப்பவை நான்கே விஷயங்கள்: பங்கு எவ்வளவு, ஒரு கட்டு எவ்வளவு, மணிக்கு எத்தனை கட்டு, எத்தனை மணி நேரம். நான்கையும் பெருக்க வேண்டியதுதான். உள்ளே நீங்கள் காணும் ஒவ்வொன்றும், மென்மையான நாற்காலி, இருக்குமிடத்துக்கே வரும் பானம், ஜன்னலும் கடிகாரமும் இல்லாத கூடம் எல்லாம், இந்த நான்கில் ஏதோ ஒன்றைக் கூட்டத்தான் இருக்கின்றன. தூக்கம் வராமல் இருக்க ஆக்ஸிஜனைக் கூடத்துக்குள் செலுத்துகிறார்கள் என்பது மட்டும் வெறும் கட்டுக்கதை. அது தீ விபத்துக்கு வழிசெய்யும்; எந்தக் காசினோவும் அந்த வேலைக்குப் போகாது.

இந்தப் பெருக்கல் கணக்கை வைத்துத்தான் "இலவசங்களும்" தரப்படுகின்றன. உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொண்டு ஒருவர் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில் உட்காருகிறார். கட்டு 25 டாலர், மணிக்கு 60 ஆட்டம், நான்கு மணி நேரம். மொத்தம் 6,000 டாலர் சுழன்றது. பங்கு 1 சதவீதம் என்று கொண்டால் அவர் காசினோவுக்கு 60 டாலர் பெறுமானமுள்ள ஆள். அன்றைக்கு அவர் 500 ஜெயித்தாரா, 500 தோற்றாரா என்பது இதில் வராது. அந்த 60-இல் ஒரு பகுதிதான் இலவசச் சாப்பாடாகவும் தங்கும் அறையாகவும் அவருக்குத் திரும்பி வருகிறது. இலவசம் என்று நினைத்துச் சாப்பிடும் சாப்பாட்டுக்கு அவர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார்.

ஸ்லாட் மிஷின்

வேகத்தைக் கூட்டினால் வருமானம் கூடும் என்றால், டீலரே இல்லாத, பந்து நிற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத விளையாட்டு ஒன்று வேண்டும். ஸ்லாட் மிஷின் அதுதான்: பொத்தானைத் தட்டினால் படங்கள் சுழன்று நிற்கும், ஒரே படம் கோட்டில் வரிசையாக வந்தால் பரிசு. அதில் ஒருவர் சாதாரணமாக மணிக்கு 600 முறை பொத்தானைத் தட்டிவிடுவார். தட்டுக்கு 1 சில்லு, மிஷின் 92 சதவீதம் திருப்பித் தருவது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 600 சில்லு சுழன்று 48 சில்லு போகும். ரூலெட்டில் சுற்றுக்கு 5 சில்லு கட்டியவருக்கு மணிக்கு நஷ்டம் 5.4 சில்லுதான். சின்னப் பந்தயம் என்று நினைத்து ஒரு சில்லு மிஷினில் உட்கார்ந்தவர் ஒன்பது மடங்கு இழக்கிறார். அமெரிக்காவின் நெவாடா மாநிலக் காசினோக்கள் ஆட்டத்தில் ஈட்டும் பணத்தில் பெரும்பகுதி மிஷின்களிலிருந்து வருவது இதனால்தான்.

"92 சதவீதம் திருப்பித் தருகிறதே, பரவாயில்லையே" என்று தோன்றும். அது ஒரு தட்டுக்கான கணக்கு. 100 சில்லை ஒரு முறை முழுக்க ஓட்டினால் சராசரியாக 92 மிஞ்சும். அந்த 92-ஐ மறுபடி ஓட்டினால் 84 சொச்சம். பத்து முறை சுற்றி வந்தால் 43. நெவாடாவில் மிஷின் குறைந்தது 75 சதவீதமும், நியூ ஜெர்சியில் 83 சதவீதமும் திருப்பித் தர வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் எத்தனை முறை சுற்றிவிடுவது என்பதற்கு எந்த விதியும் கிடையாது. அது உட்கார்ந்திருப்பவர் கையில்.

மிஷினின் உள்ளே நடப்பதையும் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த மிஷினில் மூன்று உருளைகள் நிஜமாகவே சுழன்று நின்றன. உருளையில் எத்தனை படமோ அத்தனை வாய்ப்பு. கண்ணால் பார்த்தே ஊகிக்கலாம். இதில் காசினோவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. உருளைக்கு 22 நிறுத்தம், அதில் ஜாக்பாட் படம் ஒன்று என்றால், மூன்று உருளையிலும் அது வரும் வாய்ப்பு 10,648-இல் ஒன்று. அதற்குமேல் பெரிய பரிசு அறிவித்தால் கட்டுப்படியாகாது. உருளையையும் இஷ்டத்துக்குப் பெரிதாக்க முடியாது.

இங்கே டெல்னேஸ் என்பவர் 1984-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு எல்லாவற்றையும் மாற்றியது. உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கணினிச் சில்லு ஒன்று குலுக்கல் எண்ணால் தீர்மானிக்கும். உருளை அதைக் காட்டும் வேலையை மட்டும் செய்யும். கண்ணுக்கு 22 நிறுத்தம் தெரிந்தாலும் உள்ளே 64 எண்கள் இருக்கலாம். அதில் ஜாக்பாட் படத்துக்கு ஒரே ஒரு எண். அப்போது மூன்றும் சேரும் வாய்ப்பு 2,62,144-இல் ஒன்று. வெளியே உருளை அதே உருளைதான்.

மிச்சமுள்ள எண்களை எந்த நிறுத்தங்களுக்குப் பங்கிட்டார்கள் என்பதுதான் எனக்கு மனசை உறுத்தும் விஷயம். ஜாக்பாட் படத்துக்கு ஒட்டி மேலேயும் கீழேயும் இருக்கும் வெற்று இடங்களுக்குக் கூடுதலாக எண்களைக் கொடுக்கலாம். அதனால் ஜாக்பாட் படம் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே வந்து நிற்பதை அடிக்கடி பார்ப்பீர்கள். "அடடா, இதோ தப்பியது!" என்று கை மறுபடி பொத்தானுக்குப் போகும். உண்மையில் எதுவும் தப்பவில்லை. பொத்தானைத் தட்டிய நொடியிலேயே முடிவாகிவிட்ட ஒன்றுக்குப் பிறகு காட்டப்படும் படம் அது.

இன்றைய திரை மிஷின்களில் இன்னொன்று. ஒரே தட்டில் பல கோடுகளில் கட்டலாம். 20 கோடுகளில் 20 காசு கட்டி, ஒரு கோட்டில் 8 காசு விழுந்தால், மிஷின் பாட்டுப் பாடும், விளக்கடிக்கும். 12 காசு போயிருக்கிறது. காதும் கண்ணும் ஜெயித்ததாகவே சொல்கின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு, பொத்தானை விட முடியாமல் உட்கார்ந்திருப்பவரை மனவுறுதி இல்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூதாட்ட அடிமைத்தனத்தை மருத்துவ உலகம் நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது. 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு அதைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்து வகைப்படுத்தியது. "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று தானே எழுதிக் கொடுத்துத் தடை வாங்கிக்கொள்ளும் வழியும் பல நாடுகளில் இருக்கிறது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று கிளம்பும் மனநிலை வந்துவிட்டால், அதைப் பயன்படுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்ற மேசைகள்

பிளாக்ஜாக்கில் கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் டீலரைவிடக் கூடுதல் எடுக்க வேண்டும். இருவருக்கும் ஒரே விதி போலத்தான் தெரியும். ஆனால் முதலில் சீட்டு வாங்குவது நீங்கள். நீங்கள் 21-ஐத் தாண்டிவிட்டால் உங்கள் பணம் அப்போதே போயிற்று. அப்புறம் டீலரும் தாண்டினால்கூடத் திரும்ப வராது. இந்த ஆட்டத்தின் பச்சைக் குழி அதுதான். எந்த நிலையில் சீட்டு கேட்பது, எப்போது நிறுத்துவது என்று சரியாகக் கற்றுக்கொண்டு ஆடினால் காசினோவின் பங்கு அரை சதவீதம் அளவுக்கு இறங்கும். அதனால் இப்போது பல மேசைகளில் விதியைக் கொஞ்சம் திருகுகிறார்கள்: முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 10-க்கு 15 தந்த இடத்தில் 12 தருவது. மேசைத் துணியில் சின்னதாக அச்சிட்டிருக்கும் இந்த மாற்றம் மட்டும் காசினோவின் பங்கில் சுமார் 1.4 சதவீதத்தைக் கூட்டிவிடும்.

போன சீட்டுகளைக் கணக்கு வைத்து ஆடினால் பிளாக்ஜாக்கில் காசினோவையே முந்தலாம் என்று 1960-களின் தொடக்கத்தில் எட்வர்ட் தார்ப் என்ற கணிதவியலாளர் காட்டினார். பிளாக்ஜாக்கில் சீட்டுக்கட்டுக்குப் போன சுற்று ஞாபகம் உண்டு. வெளியே வந்த சீட்டு மறுபடி அதில் இருக்காது. காசினோக்கள் ஆறு, எட்டுச் சீட்டுக்கட்டுகளைச் சேர்த்துக் கலைக்கத் தொடங்கியதும், கணக்கு வைப்பவர்களை அடையாளம் கண்டு வெளியேற்றுவதும் அதன் தொடர்ச்சி.

சீனாவின் சூதாட்ட நகரமான மக்காவின் காசினோக்களுக்கு உயிர்நாடி பக்காரா என்ற சீட்டாட்டம். பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம்; எது ஜெயிக்கும் என்று கட்ட வேண்டும். பேங்கர் பக்கம் கட்டினால் பங்கு 1.06 சதவீதம், பிளேயர் பக்கம் 1.24. இரண்டும் சமமாகும் என்று 'டை'யில் கட்டினால் 14 சதவீதத்துக்கும் மேல். ஒரே மேசையில் கையெட்டும் தூரத்தில் இவ்வளவு விலை வித்தியாசம். போக்கர் சீட்டாட்டத்தில் காசினோ யாரோடும் மோதுவதில்லை. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்வார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பணத்திலிருந்து காசினோ ஒரு சிறு துண்டை இடவாடகை போல எடுத்துக்கொள்ளும்.

இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால்?

கணக்கு தெரிந்தவர்களுக்கும் ஒரு முறையாவது தோன்றும் யோசனை இது. சிவப்பில் 1 கட்டு. தோற்றால் 2, பிறகு 4, 8, 16. எப்போதாவது ஒரு முறை ஜெயித்தே தீருவோம், ஜெயித்ததும் எல்லாம் போக 1 லாபம். காகிதத்தில் ஓட்டையே தெரியாது.

மேசைக்கு உச்சவரம்பு இருக்கிறது. 100 சில்லுக்கு மேல் கட்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 4, 8, 16, 32, 64 என்று ஏழு முறை தோற்றால் அடுத்தது 128, கட்ட விடமாட்டார்கள். அதுவரை போனது 127 சில்லு. ஏழு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம்தான், சுமார் 106 முயற்சிக்கு ஒரு முறை. அதாவது 105 முறை ஒவ்வொரு சில்லாகச் சேர்ப்பீர்கள், 106-வது முறை 127 சில்லு ஒரே மூச்சில் போகும். நிகரம் 22 சில்லு நஷ்டம். வரம்பே இல்லை என்றாலும் தப்ப முடியாது. இருபது முறை தோற்றால் அடுத்து கட்ட வேண்டியது பத்து லட்சத்துக்கும் மேல்.

காசினோவுக்கும் உதறல் எடுக்கும் நேரம் உண்டு. ஒரே ஆள், மிகப் பெரிய கட்டு, குறைந்த ஆட்டம். அங்கே பெரும் எண்களின் விதி வேலை செய்ய இடமிருக்காது. 1990 பிப்ரவரியில் அகியோ காஷிவாகி என்ற ஜப்பானியத் தொழிலதிபர் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் இருந்த ட்ரம்ப் பிளாசா காசினோவில் ஒரு ஆட்டத்துக்கு 2 லட்சம் டாலர் கட்டிப் பக்காரா ஆடி, சுமார் 60 லட்சம் டாலரோடு எழுந்து போனார். காசினோ மே மாதம் அவரை மறுபடி அழைத்தது, ஒரு ஏற்பாட்டோடு: கொண்டுவந்த தொகை இரட்டிப்பாகும் வரை, இல்லையென்றால் முழுக்கத் தீரும் வரை ஆடுவது. பணம் தீரும்வரை ஆட வைப்பது என்றால் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. முதலில் அவர் பெரிய லாபத்தில்கூட இருந்தார். நாட்கள் நீள நீள எல்லாம் கரைந்து, கடைசியில் சுமார் ஒரு கோடி டாலர் இழந்தார்.

பணம் வரும் வழியும் போகும் வழியும்

மேசையில் நோட்டைக் கொடுத்தால் டீலர் அதைக் கையில் வாங்க மாட்டார். மேசைமேல் வைக்கச் சொல்லி, கேமராவுக்குத் தெரியும்படி விரித்துக் காட்டி, ஒரு சின்னப் பலகையால் மேசையின் பிளவுக்குள் தள்ளுவார். கீழே பூட்டிய பெட்டி இருக்கும். பணி முடிந்து எழும்போது இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் நகர்வார்; விரலிடுக்கில் சில்லு எதுவும் இல்லை என்பதற்கு அது சாட்சி. டீலரை ஒரு மேற்பார்வையாளர் பார்ப்பார், அவரை இன்னொருவர், எல்லோரையும் கூரைக் கேமராக்கள். ஆட்டக்காரர் மேல் இருக்கும் சந்தேகத்தைவிடச் சொந்த ஊழியர் மேல் இருக்கும் கண்காணிப்பு இங்கே ஒரு படி கூடுதல்.

சம்பளம், மின்சாரம், இலவசங்கள் போக, பெரிய செலவு வரி. நெவாடாவில் ஆட்ட வருமானத்துக்கு உச்ச வரி 6.75 சதவீதம், மக்காவில் சுமார் 40 சதவீதம். 2013-இல் மக்காவ் காசினோக்கள் ஈட்டியது ஏறக்குறைய 4,500 கோடி டாலர் என்பதால் அரசின் பங்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். பெரிய காசினோக்கள் வரிசையாக நிற்கும் லாஸ் வேகஸின் ஸ்ட்ரிப் பகுதியில் நிலைமை வேறு. 1990-களின் இறுதியிலிருந்து அங்கே அறை, சாப்பாடு, கச்சேரி ஆகியவை தரும் வருமானம் சூதாட்ட வருமானத்தைத் தாண்டிவிட்டது.

கணக்கு இவ்வளவு உறுதியாக இருந்தும் காசினோக்கள் மூடப்படுவதுண்டு. சுமார் 240 கோடி டாலரில் கட்டப்பட்டு 2012-இல் திறந்த அட்லாண்டிக் சிட்டியின் ரெவல் காசினோ இரண்டே வருஷத்தில் மூடியது. அந்த ஊரில் 2014-இல் மட்டும் நான்கு காசினோக்கள் கதவை அடைத்தன. மேசைகளில் பங்கு குறையவில்லை. சுற்றியிருந்த மாநிலங்களிலும் காசினோக்கள் வந்து கூட்டம் பிரிந்தது, கடனுக்கு வட்டி மட்டும் அப்படியே இருந்தது. பங்கு எத்தனை சதவீதமாக இருந்தாலும் பெருக்க ஆள் வேண்டுமே.

அந்த ஆள் யாராக இருக்கலாம் என்பதில் அரசுகள் கவனமாக இருக்கின்றன. சிங்கப்பூரில் 2010-இல் காசினோ திறந்தபோதே, வெளிநாட்டுக்காரருக்கு நுழைவு இலவசம், சொந்தக் குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 100 சிங்கப்பூர் டாலர் என்று வைத்தார்கள். 2019-இல் அது 150 ஆனது. மொனாக்கோ இன்னும் ஒரு படி மேலே. பாட் ஹோம்புர்கில் ஒரு பூஜ்யத்தை எடுத்த அதே ஃபிரான்ஸ்வா பிளாங்க் 1863-இல் அங்கே காசினோவை எடுத்து நடத்தத் தொடங்கினார். வருமானம் எப்படிக் கொட்டியதென்றால், 1869-இல் அந்த நாடு தன் மக்கள்மீதிருந்த நேரடி வரியையே நீக்கிவிட்டது. மொனாக்கோ குடிமக்கள் அந்தக் காசினோவில் ஆட இன்றுவரை அனுமதி கிடையாது.